முதலில் சுவிட்சைப் போடாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். பழைய வீட்டுக் கணினிகளைத் தேடி எடுத்து, பழுது பார்த்து, கொஞ்சம் மேம்படுத்தி ஓட விடும் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வானொலியில் இதைப் பேசுவது பொருத்தம்தான். ஏனென்றால், 1980களில் இந்தக் கணினிகளுக்கான நிரல்கள் வானொலி வழியாகவே வீடுகளுக்குப் போயிருக்கின்றன. நெதர்லாந்தில் என்ஓஎஸ் வானொலியின் ‘ஹாபிஸ்கூப்’ நிகழ்ச்சி, நிரல்களை ஒலியாக மாற்றி ஒலிபரப்பியது. கேட்பவர்கள் அந்தக் கீச்சொலியைக் கேசட்டில் பதிவு செய்து, பிளேயரைக் கணினியோடு இணைத்து ஓட விடுவார்கள். நிரல் உள்ளே ஏறிவிடும். ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியும் பேசிக் என்ற நிரல் மொழியை ஒவ்வொரு விதமாக வைத்திருந்ததால், எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘பேசிகோட்’ என்று ஒரு முறையை வகுத்துக்கொண்டார்கள். யுகோஸ்லாவியாவின் பெல்கிரேடில் ஜோரான் மோட்லி என்ற அறிவிப்பாளரும் ‘வென்டிலேட்டர் 202’ நிகழ்ச்சியில் இதையே செய்தார். வோயா அன்டோனிச் 1983இல் வடிவமைத்த ‘கலாக்சியா’ கணினியை அங்கே மக்கள் தாங்களே சால்டர் அடித்துக் கட்டிக்கொண்டார்கள். படம் காட்டுவதற்கென்று தனி சிப் கூட அதில் கிடையாது. திரையில் எழுத்தை வரையும் வேலையையும் மையச் செயலியின் தலையிலேயே கட்டிவிட்டார் அன்டோனிச்.

இப்படிப்பட்ட கணினிகளைத்தான் இன்று பலர் மறுபடியும் தேடுகிறார்கள். 1977இல் ஆப்பிள் 2, கொமடோர் பெட், டிஆர்எஸ்-80 மூன்றும் வந்தபோது வீட்டுக் கணினி என்ற எண்ணமே புதிது. 1982இல் சின்கிளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் பிரிட்டனில் 125 பவுண்டுக்கும், கொமடோர் 64 அமெரிக்காவில் 595 டாலருக்கும் விற்பனைக்கு வந்தன. கொமடோர் 64 ஒரு கோடிக்கு மேல் விற்றது. அதனால்தான் இன்றும் எங்காவது ஒரு பரணிலிருந்து ஒன்று இறங்கிக்கொண்டே இருக்கிறது.

பழைய நினைவுக்காகத்தான் இதைச் செய்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஓரளவு சரி. ஆனால் அந்தக் காலத்தில் பிறந்தே இராத பிள்ளைகளும் இதில் இறங்குகிறார்கள். அவர்களுக்கு ஏது பழைய நினைவு? எனக்குத் தெரிந்து உண்மையான காரணம் வேறு. இந்தக் கணினியை ஒரே ஆள் முழுவதுமாகப் புரிந்துகொள்ள முடியும். ஆப்பிள் 2இல் இருக்கும் 6502 செயலியில் சுமார் 3,500 டிரான்சிஸ்டர்கள்தான். கொமடோர் 64உக்கான நிரலாளர் கையேட்டின் கடைசியில் முழு மின்சுற்று வரைபடத்தையும் மடித்து வைத்தே விற்றார்கள். இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் போனை, அதைச் செய்தவர்களில் ஒருவர் கூட முழுதாக அறிந்திருக்க முடியாது.

ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். கொமடோர் 64ஐப் போட்டதும் நீலத் திரையில் ‘38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ’ என்று வரும். 64 கிலோபைட் என்றால் 65,536 பைட் ஆயிற்றே, மிச்சம் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றும். அந்தச் செயலியால் 65,536 முகவரிகளுக்கு மேல் பார்க்க முடியாது. பேசிக் மொழி இருக்கும் ரோம் (படிக்க மட்டும் முடியும், மாற்ற முடியாத நினைவகம்), திரையையும் ஒலியையும் இயக்கும் சிப்கள், எல்லாவற்றுக்கும் அந்த முகவரிகளுக்குள்ளேயே இடம் கொடுக்க வேண்டும். அதனால் ஒரே முகவரியில் ரோமும் உண்டு, அதற்கு அடியில் எழுதி அழிக்கக்கூடிய நினைவகமான ராமும் உண்டு. எது தெரிய வேண்டும் என்பதை ஒரு முகவரியில் எண்ணை மாற்றி நாமே தீர்மானிக்கலாம். இதை ஒரு மாலை உட்கார்ந்து சோதித்துப் பார்த்தவர்களுக்கு நினைவகம் என்றால் என்ன என்பது பிறகு மறக்காது.

சரி, கணினி கைக்கு வந்துவிட்டது. முதல் வேலை என்ன? சுவிட்சைப் போடாமல் இருப்பது. முப்பது நாற்பது வருடம் சும்மா கிடந்த மின்சாதனத்துக்குத் திடீரென்று மின்சாரம் கொடுத்தால், அதுவரை நன்றாக இருந்த சிப்பும் போய்விடலாம். குறிப்பாகக் கொமடோர் 64இன் பழைய அடாப்டர். அது பிசின் ஊற்றி அடைக்கப்பட்ட கறுப்புக் கட்டி. உள்ளே மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் ரெகுலேட்டர் வயதாகிப் பழுதானால், 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் அதற்கு மேல் ஏறிவிடும். முதலில் சாவது ராம் சிப்கள். சும்மா மல்டிமீட்டரை வைத்து அளந்து ‘5 வருகிறதே’ என்று நம்பிவிடவும் கூடாது. சுமை ஏறி, சூடாகி, அரை மணி கழித்துத்தான் அது தன் குணத்தைக் காட்டும். பழைய அடாப்டரை அலமாரியில் வைத்துவிட்டுப் புதிதாகச் செய்த ஒன்றை வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி.

ஸ்பெக்ட்ரத்தில் வேறு விதமான பொறி இருக்கிறது. அதன் அடாப்டர் 9 வோல்ட். முனையில் நடுவில் இருப்பது நெகட்டிவ். இன்று வீட்டில் கிடக்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் நடுவில் பாசிட்டிவ். பிளக் கச்சிதமாகப் பொருந்தும், வோல்ட்டும் சரியாக இருக்கும், ஆனால் தலைகீழ். இன்னொன்று, அந்தக் கணினியின் கீழ் 16 கிலோபைட் நினைவகத்துக்கு 4116 என்ற சிப்களைப் போட்டிருக்கிறார்கள். அவற்றுக்கு பிளஸ் 5, பிளஸ் 12, மைனஸ் 5 என்று மூன்று விதமான மின்னழுத்தம் வேண்டும். அந்த மைனஸ் 5 நின்றுபோனால் சிப்கள் வரிசையாகப் போகும். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது பின்பக்கம் எதையும் செருகாதே, பிடுங்காதே என்று பழைய ஆட்கள் சொல்வது இதனால்தான்.

1980களின் பிரிட்டிஷ் கணினியான பிபிசி மைக்ரோவில் மின்சாரம் வரும் இடத்திலேயே, உள்ளே காகிதமும் மேலே பிசின் உறையும் கொண்ட கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சிறு பாகங்கள்) இருக்கும். மேல் உறை விரிசல் விட்டு ஈரம் இறங்கியிருக்கும். போட்ட சில நிமிடத்தில் ‘டப்’ என்று வெடித்து, அறை முழுக்கப் புகை. பயமாக இருந்தாலும் கணினிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, மாற்றிவிட்டால் போதும். ஆனால் அது வீட்டு மின்சாரம் பாயும் பகுதி. அந்தப் பெட்டியையும், பழைய படக்குழாய் டிவியின் உட்புறத்தையும், பழக்கம் இல்லாதவர்கள் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

இதைவிட மெதுவாக, சத்தமில்லாமல் கொல்லும் எதிரி பேட்டரி. கொமடோர் நிறுவனமே பின்னால் விற்ற அமீகா 500 பிளஸ், அமீகா 4000, பிறகு ஏராளமான 386, 486 பிசி மதர்போர்டுகள், எல்லாவற்றிலும் கடிகாரத்தை ஓட வைக்க பீப்பாய் வடிவில் ஒரு சின்ன நிக்கல் கேட்மியம் பேட்டரி சால்டர் செய்யப்பட்டிருக்கும். அது கசியும். கசிந்த காரம் செப்புத் தடங்களைத் தின்றுகொண்டே போகும், கணினி ஓடினாலும் ஓடாவிட்டாலும். ஆகவே கணினி வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே பேட்டரியை வெட்டி எடுத்துவிடலாம். கசிந்த இடத்தில் வெள்ளை வினிகரைத் தொட்டுத் தேய்த்துக் காரத்தை முறித்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவ வேண்டும். 1992இல் வந்த அமீகா 600, 1200 இரண்டிலும் பேட்டரிக்குப் பதில் போர்டின் மேலேயே ஒட்டிய கெப்பாசிட்டர்கள் கசிகின்றன. சால்டரிங் அயர்னை வைத்ததும் மீன் நாற்றம் அடித்தால் கசிந்துவிட்டது என்று அர்த்தம்.

வெளித்தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மஞ்சளேறிய பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுக்கும் முறை 2008 வாக்கில் பரவியது, ‘ரெட்ரோபிரைட்’ என்பார்கள். வெளுக்கும், உண்மைதான். சில வருடத்தில் மஞ்சள் திரும்பியும் வரும், சீராகத் தடவாவிட்டால் திட்டுத் திட்டாகவும் நிற்கும். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவிய மஞ்சள் பெட்டியே எனக்குப் போதும்.

அப்புறம் மேம்படுத்துவது. இதில்தான் ஆட்களுக்குள் சண்டை வரும்.

சேமிப்பு விஷயத்தில் சண்டை குறைவு. ஸ்பெக்ட்ரத்தில் ஒரு பெரிய விளையாட்டைக் கேசட்டிலிருந்து ஏற்ற ஐந்து நிமிடம் வரை ஆகும். கொமடோரின் 1541 ஃப்ளாப்பி டிரைவ் இன்னும் வேடிக்கை. அதற்குள்ளேயே ஒரு 6502 செயலியும் 2 கிலோபைட் நினைவகமும் உண்டு, தனிக் கணினி மாதிரி. ஆனாலும் நொடிக்குச் சுமார் 400 பைட்தான் அனுப்பும். காரணம், முந்தைய மாடலான விக்-20இல் போட்ட ஒரு சிப்பின் குறை. வன்பொருள் தானாகச் செய்திருக்க வேண்டிய வேலையை ஒவ்வொரு பிட்டாக மென்பொருள் செய்ய வேண்டி வந்தது. கொமடோர் 64இல் திரைச் சிப் அடிக்கடி செயலியின் நேரத்தை வேறு பிடுங்கிக்கொள்வதால், இன்னும் மெதுவாக்கினார்கள். அந்தத் தாமதத்தை ஒருமுறை அனுபவித்துப் பார்க்கலாம்; தினமும் அனுபவிக்க வேண்டியதில்லை. கொமடோருக்கு எஸ்டி2ஐஇசி, ஸ்பெக்ட்ரத்துக்கு டிவ்எம்எம்சி என்று மெமரி கார்டைச் செருகும் சின்னச் சாதனங்கள் இருக்கின்றன. அமீகாவிலும் அட்டாரி எஸ்டியிலும் ஃப்ளாப்பி டிரைவ் இருந்த இடத்தில் ‘கோடெக்’ பொருத்தலாம். தொழிற்சாலை எந்திரங்களில் ஃப்ளாப்பிக்குப் பதிலாகப் போடுவதற்காக வந்த மலிவான சாதனம் அது. கீர் ஃப்ரேசர் எழுதிய ‘ஃப்ளாஷ்ஃப்ளாப்பி’ மென்பொருளை ஏற்றினால் பென் டிரைவில் இருக்கும் நூற்றுக்கணக்கான டிஸ்குகளை மாற்றி மாற்றிப் போடலாம்.

அடுத்தது படம். அந்தக் காலக் கணினிகள் டிவியின் ஆன்டெனா துளைக்கே சிக்னல் கொடுத்தன. ஸ்பெக்ட்ரத்தில், படத்தை ஆன்டெனா சிக்னலாக மாற்றும் மாடுலேட்டரைத் தாண்டி, அதற்குள் போகும் ‘காம்போசிட்’ என்ற பட சிக்னலை நேராக வெளியே எடுக்க இரண்டு ஒயர் வேலைதான். வேண்டாமென்றால் பழையபடி மாற்றிவிடலாம். ஆனால் புது டிவிகள் இந்தச் சிக்னலைத் தவறாகப் புரிந்துகொள்ளும். கணினி எல்லா வரிகளையும் ஒரே மூச்சில் அனுப்ப, டிவி அதைப் பாதிப் பாதியாக வரும் படம் என்று நினைத்துக் கலைத்துவிடும். இதற்கென்றே ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் போன்ற மாற்றிகள் இருக்கின்றன.

செயலியை மாற்றுவதுதான் வம்பு. அமீகா 500இல் 7 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 68000 சிப்பைக் கழற்றி, அதே சாக்கெட்டில் ‘பைஸ்டார்ம்’ என்ற அட்டையைச் செருகி, அதன் மேல் ராஸ்பெர்ரி பை வைக்கலாம். பழைய செயலியைப் போல அது நடிக்கும், பல மடங்கு வேகத்தில். பார்க்கப் பிரமாதம். ஆனால் அப்போது அந்தப் பெட்டியில் அமீகா எவ்வளவு மிச்சம்? இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கறார்ப் பேர்வழி. சேமிப்பு, மின்சாரம், படம் மூன்றையும் தாராளமாக மாற்றுங்கள். அவை கணினியின் ஓரத்தில் இருப்பவை. நடுவில் இருப்பது மாறினால் நான் முன்பு சொன்ன அந்த முழுப் புரிதல் போய்விடுகிறது. செயலியின் இடத்தில் மறுபடியும் நமக்குத் தெரியாத லட்சக்கணக்கான நிரல் வரிகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. இருந்தாலும், பைஸ்டார்மைக் கழற்றிவிட்டுப் பழைய சிப்பைத் திரும்பச் செருக முடிகிறதே, அதனால் அதைப் போடுபவர்களோடு எனக்குப் பகை இல்லை. துளை போட்டு, பெட்டியை அறுத்து, திரும்ப முடியாத மாதிரி செய்பவர்களோடுதான்.

உதிரி பாகங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஸ்பெக்ட்ரத்தில் இருப்பது இசட்80 வகைச் செயலி; 1976இல் வந்த அதை ஜைலாக் நிறுவனம் 2024இல்தான் நிறுத்தியது; அதுவரை புதிதாகவே கிடைத்தது. 6502இன் வழிவந்த 65சி02 இன்னும் தயாராகிறது. கிடைக்காதவை அந்தந்தக் கணினிக்கென்றே செய்த சிப்கள். பாப் யானஸ் வடிவமைத்த கொமடோரின் ‘சிட்’ ஒலிச் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஃபில்டர் அனலாக் என்பதால், ஒரே மாடலின் இரண்டு சிப்கள் ஒரே பாட்டை இரண்டு விதமாகப் பாடும். மாற்றுச் சிப்கள் இன்று கிடைக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. எந்தச் சிப்பைப் போலப் பாட வேண்டும் என்பதை மட்டும் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: கணினி வாங்கும் முன், இன்றைய கணினியிலேயே பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரில் பாருங்கள். கொமடோருக்கு வைஸ், ஸ்பெக்ட்ரத்துக்கு ஃப்யூஸ், இரண்டும் இலவசம். ஒரு மாதம் அதில் பேசிக் எழுதியும் சலிக்கவில்லை என்றால் உண்மையான கணினியைத் தேடலாம். முதல் கணினி ஓடுகிற கணினியாக இருக்கட்டும்; சால்டரிங் பழகுவதற்கு மலிவான பயிற்சி அட்டைகள் கிடைக்கின்றன.

கணினியோடு பழைய ஃப்ளாப்பிகளும் வந்தால் அவற்றை உடனே டிரைவில் போட வேண்டாம். உறையின் ஜன்னல் வழியாக டிஸ்கைச் சுற்றிப் பாருங்கள். பூஞ்சை பூத்திருந்தால் அது டிரைவின் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல டிஸ்கையும் கீறிவிடும். சுத்தமானவற்றை ‘கிரீஸ்வீசல்’ என்ற சின்ன அட்டை வழியாக இன்றைய கணினியில் அப்படியே பிரதி எடுத்து வைக்கலாம். கையால் பெயர் எழுதிய டிஸ்குகளை முதலில் எடுங்கள். கடையில் விற்ற விளையாட்டுகளை வேறு யாராவது ஏற்கெனவே பிரதி எடுத்திருப்பார்கள். வீட்டில் யாரோ எழுதிய நிரலுக்கும் கடிதத்துக்கும் அந்த ஒரு டிஸ்கைத் தவிர வேறு பிரதி கிடையாது; காந்தப் பூச்சு உதிரத் தொடங்கிவிட்டால் சில சமயம் ஒரே ஒரு முறைதான் படிக்க முடியும்.

வணக்கம்.