கலப்பை தொட்ட புல்வெளி

அவையோருக்கு வணக்கம்.

வட கஜகஸ்தானின் வறண்ட ஸ்டெப்பிப் புல்வெளியில் ஆண்டுக்கு மழையும் பனியும் சேர்த்தே 250 முதல் 350 மில்லிமீட்டர்தான். அதில் பிழைத்து நிற்பவை ஸ்டிபா, ஃபெஸ்கியூ என்னும் கொத்துப் புற்கள். இவற்றின் வேர், மேலே தெரியும் புல்லைவிட எடை அதிகம். துளிர்க்கும் மொட்டுகளோ தூரடியில், மண்ணை ஒட்டி இருக்கின்றன. ஆடு மேலே கடித்தால் புல் மறுபடி துளிர்க்கும். கலப்பை புரட்டிப் போட்டால் தூரே செத்துவிடும்.

1954-இல் தொடங்கிய சோவியத் கன்னிநிலத் திட்டம், கஜகஸ்தானில் மட்டும் ஏறத்தாழ 2.5 கோடி ஹெக்டேரைக் கோதுமைக்காக உழுதது. 1960-களின் தொடக்கத்தில் மேல்மண் புழுதிப் புயலாய்ப் பறந்தது. பிறகு பராயெவ் என்ற வேளாண் அறிஞர், மண்ணைப் புரட்டாமல் அடியில் மட்டும் அறுத்துச் செல்லும் தட்டைக் கொழுவைப் பரப்பினார். அறுவடைத் தாள் வயலிலேயே நின்று காற்றைத் தடுத்தது, பனியையும் பிடித்து வைத்தது. மண் தப்பியது உண்மை. ஆனால் போன புல் அதனால் திரும்பவில்லை. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்த பின் பல வயல்கள் கைவிடப்பட்டன. முதலில் ஓராண்டுக் களைகள், பிறகு மாசிபத்திரி இனச் செடிகள், அதன்பின் ஃபெஸ்கியூ. ஸ்டிபா வர பல பத்தாண்டுகள் ஆகும், அதுவும் பக்கத்தில் உழாத நிலம் இருந்தால்தான். அதன் விதையைப் பாருங்கள்: முனை ஊசி, பின்னால் முறுக்கிய நீண்ட வால். ஈரம் பட்டால் முறுக்கு அவிழும், காய்ந்தால் மறுபடி முறுகும். அப்படியே விதை தன்னைத்தானே மண்ணுக்குள் துளைத்துக்கொள்கிறது. எத்தனை நேர்த்தி! ஆனால் வெகுதூரம் பறக்காது. ஆகவே, வயல்களுக்கிடையே மிஞ்சிய சிறு துண்டைக்கூட உழ விடாதீர்கள்.

மேய்ச்சலின் கதை வேறு. கிணற்றடியிலிருந்து வெளியே நடந்தால் முதலில் மிதிபட்ட வெறும் தரை, பிறகு மாசிபத்திரி, பிறகு ஃபெஸ்கியூ, கடைசியில் ஸ்டிபா. மாசிபத்திரி வளையம் ஆண்டுக்காண்டு அகன்றால் மந்தை அதிகம் என்று பொருள். அதற்காக ஆட்டை அடியோடு நிறுத்துவதும் தவறு. தின்னாத புல் காய்ந்து சருகாய்க் குவியும், காட்டுத்தீ அடிக்கடி வரும். மந்தையை இடம் மாற்றி மேய்க்க வேண்டும். இளந்துளிர் நேரத்தில் விலக்கி வைக்க வேண்டும்.

விதைத்து மீட்பவர்கள் அருகிலுள்ள புல்வெளியிலிருந்தே விதை எடுக்கட்டும். முற்றிய சில நாளில் உதிர்ந்துவிடும். அந்த நாட்களில் வைக்கோலோடு அறுத்துக் களை நீக்கிய தரையில் பரப்ப வேண்டும். ஆழப் புதைக்கவே கூடாது.