சாம்பாருக்கு ஒரு தூக்குவாளி

உணவக, டீக்கடை உரிமையாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

காலை ஏழு மணிக்கு நம் கடைகளில் ஒரு பார்சல் கட்டுவதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இட்லியை வாழையிலையில்தான் மடிக்கிறோம், சரி. சாம்பாருக்கு ஒரு பிளாஸ்டிக் கவர், இரண்டு சட்னிக்கு இரண்டு கவர், மொத்தத்தையும் போட்டுக் கொடுக்க இன்னொன்று. நான்கு இட்லிக்கு நான்கு கவர்! சாம்பார் ஒட்டிய கவரைப் பழைய பொருள் கடைக்காரரும் எடுக்க மாட்டார். கழுவிக் காயவைக்கும் கூலிகூடத் தேறாதே. அது சாக்கடையை அடைக்கிறது, இல்லையென்றால் மாட்டின் வயிற்றுக்குப் போகிறது.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. அதில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் உண்டு. பேப்பர்தானே என்று நல்லெண்ணத்தில் வாங்கி வைத்திருப்பவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அந்த மெல்லிய பூச்சு இல்லாவிட்டால் கப் ஊறிப்போய்விடும். அதில் 100 மில்லி சுடுநீரை 15 நிமிடம் வைத்தால் சுமார் 25,000 பிளாஸ்டிக் நுண்துகள்கள் கலக்கின்றன என்று கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020இல் கண்டார்கள். கண்ணாடி கிளாஸைக் கழுவ ஆளும் தண்ணீரும் வேண்டும் என்பீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் கப் வாங்கும் மாதச் செலவையும் பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

பார்சலுக்கு வழி என்ன? நீலகிரியில் காலி மதுபாட்டில்கள் உடைந்து காட்டு விலங்குகளின் காலைக் கிழித்தன. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022 மே மாதம் முதல் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள், காலி பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தந்தார்கள். பெரும்பாலான பாட்டில்கள் கடைக்கே திரும்பின. உபதேசம் செய்து நடக்காதது பத்து ரூபாயில் நடந்தது.

பாட்டிலுக்கு முடிந்தது தூக்குவாளிக்கு முடியாதா? அன்றாடம் வரும் வாடிக்கையாளர்கள் இருபது பேரை வைத்துத் தொடங்குவோம். முன்பணம் வாங்கிக்கொண்டு எவர்சில்வர் தூக்கில் சாம்பார் கொடுங்கள். மறுநாள் காலித் தூக்கை வாங்கி வைத்துவிட்டு, கழுவிய இன்னொன்றில் ஊற்றித் தாருங்கள். வீட்டிலிருந்தே பாத்திரம் கொண்டுவருபவருக்கு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுங்கள்.

எந்த அளவுத் தூக்கு, எவ்வளவு முன்பணம் என்பதை இன்றே பேசி முடித்துவிடலாம். மூடி மட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும். வண்டியில் ஒருமுறை சாம்பார் சிந்திவிட்டால், அப்புறம் அவர் கவரைத்தான் கேட்பார்.