டிராகன் ஆட ஒரு திடல் வேண்டும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நூலகப் பொறுப்பாளர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, மழையிலும் பிள்ளைகளைக் கூட்டி வந்த பெற்றோரே, காலையிலிருந்து நாற்காலி தூக்கிப் போட்ட தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்கவும்.

நியன், சிங்கம், டிராகன், சிலின் (கொம்புள்ள மங்கலக் கற்பனை விலங்கு) என நான்கு சீன விலங்குகளைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். நியன் புத்தாண்டுக்கு முந்தின இரவு வந்து ஊரைத் தின்னும் மிருகம். சிவப்புக்கும் பட்டாசுக்கும் பயந்து ஓடிவிடும். அது உங்களுக்குத் தெரிந்த கதைதான்.

சிங்கம் சீன மண்ணின் விலங்கே இல்லை. பழைய ஹான் அரசமரபின் அவைக்கு மேற்கிலிருந்து பரிசாக வந்தது. நேரில் பார்க்காதவர்கள் கற்பனையில் செய்த சிங்கம், நம்ம கோயில் தூண் யாளி மாதிரி. இரண்டு பேர் உள்ளே புகுந்து ஆடும் தென்சீனச் சிங்க ஆட்டத்தில், சிங்கத் தலையின் நெற்றியில் கண்ணாடி இருக்கும். தீயசக்தி தன் முகத்தைத் தானே பார்த்து ஓடுமாம். ஒருமுறை அந்தத் தலையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உள்ளே மூங்கில் பட்டைகள், மேலே ஒட்டிய காகிதம், கண்ணிமைக்கு ஒரு கயிறு. முரசு முழங்க முழங்க அந்தக் கயிற்றை இழுத்து இமைக்க வைக்கும் பையனுக்கு வயது பதினான்குதான் இருக்கும். பின்கால் ஆடியவன் நம்ம தமிழ்ப் பையன்.

அப்புறம் டிராகன். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பார் என் தாத்தா. அதை ஹாங்காங்கில் ‘தாய் ஹாங்’ என்ற பகுதியில் பார்க்கலாம். 1880இல் அது ஹக்கா என்ற சீன இனத்தாரின் சின்னக் கிராமம். புயல் அடித்தது, பிறகு ஒரு மலைப்பாம்பு கால்நடைகளை விழுங்கியது. அடித்துக் கொன்றார்கள்; மறுநாள் பார்த்தால் உடலைக் காணோம், அடுத்து ஊரில் கொள்ளைநோய். ஒரு பெரியவரின் கனவில் புத்தர் வந்து, டிராகன் செய்து ஊதுபத்தி கொளுத்தி ஆடுங்கள், பட்டாசு வெடியுங்கள் என்றாராம். மூன்று நாள் மூன்று இரவு ஆடினார்கள், நோய் நின்றது என்பது கதை. இன்றும் நிலா விழாவில் ஆடுகிறார்கள். 67 மீட்டர் நீளம்! வைக்கோல் உடம்பு முழுக்க ஆயிரக்கணக்கில் ஊதுபத்தி, அதைத் தூக்கிச் சுற்ற முறை வைத்து ஏறத்தாழ 300 பேர். தெருவே புகையும் நெருப்பும். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும், டிராகனும் அப்படித்தான்.

இப்போது நான் கேட்பது இதைத்தான். அந்தச் சிங்கப் பிள்ளைகள் எங்கே பழகுகிறார்கள் தெரியுமா? ஒரு கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடத்தில். போன வாரமும் காவலாளி விரட்டினார், முரசைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், நானே பார்த்தேன். பக்கத்துத் திடலையும் வாகன நிறுத்துமிடமாக்கப் போகிறார்களாம். திடல் போனால் சிங்கமும் இல்லை, நம்ம பிள்ளைகளின் பறைப் பயிற்சியும் இல்லை. சீனர் பெருநாளுக்குச் சிவப்பு உறையில் பணம் வைத்து அங்பாவ் கொடுத்துக் கைதட்டினால் போதுமா? அவர்கள் ஆட இடம் வேண்டாமா?

சிலினைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். மனுத்தாள் தேநீர் மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் குடியுங்கள். வணக்கம்.