புரட்டாசியில் விதை, மாசியில் வத்தல்

வணக்கம் நேயர்களே.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கொல்லையிலோ மொட்டைமாடியிலோ மிளகாய் வைத்திருப்பவர்கள் பலரும் சொல்லும் குறை ஒன்று உண்டு. "செடி தளதளன்னு நிக்குது, பூவும் வைக்குது, பிஞ்சுதான் நிக்க மாட்டேங்குது." உடனே ஒரு கை யூரியா போடுவார்கள். இலை இன்னும் தழைக்கும், பூ இன்னும் உதிரும்.

பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுக்கமாகவே இருந்தால் மிளகாயின் மகரந்தம் வீரியம் இழந்து, பூ பிஞ்சாகாமல் உதிர்ந்துவிடும். சித்திரை, வைகாசியில் நம் ஊரில் அதுதான் நிலை. ஆகவே பூக்கும் காலத்தை நாம்தான் தள்ளிவைக்க வேண்டும். புரட்டாசித் தொடக்கத்தில் விதைத்தால் 40 நாளில் நாற்று தயார். மார்கழிக் குளிரில் பூத்துக் காய்க்கும். நட்ட 75 நாளில் பச்சை மிளகாய், 105 நாள் வாக்கில் பழம். மாசி வெயில் வத்தல் போடத் தோதானது.

ரகத்தில், குழம்புக்கு உருண்டையான முண்டு வத்தல்தான் வேண்டும் என்பவர்களுக்கு அந்த விதையே சரி. பக்கத்து ராமநாதபுரத்து முண்டுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

நடும்போது ஐப்பசி மழை வந்துவிடும் என்பதால் வடிகாலில் கவனம் வேண்டும். தரையில் நடுவதானால் அரை அடி உயரப் பாத்தி போட்டு, ஒன்றரை அடிக்கு ஒரு செடி. மாடியில் பையில் வைப்பதானால் இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம், ஒரு பங்கு தேங்காய் நார்க்கழிவு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. பையின் அடித்துளை தளத்தோடு ஒட்டாமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். செம்மண் மட்டும் போட்டால் காய்ந்ததும் ஓடாக இறுகி, ஊற்றுகிற தண்ணீர் ஓரமாகவே இறங்கிப் போகும். விரலை ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். வேர் அழுகிய செடியும் வாடித்தான் நிற்கும், அதைத் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றிவிடக் கூடாது.

அடுத்து இலைச் சுருட்டை. எல்லாவற்றையும் ஒரே பெயரில் 'முரணை' என்றுவிடுகிறோம், மருந்து மாறிப் போவதே இதனால்தான். கொழுந்து இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓரம் மேல்நோக்கிப் படகு மாதிரி மடங்கியிருந்தால் இலைப்பேன். வெள்ளைத் தாள் மேல் கொழுந்தைத் தட்டினால் மஞ்சள் துரும்பு போல ஊரும். ஓரம் கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலை நீண்டு, காம்பும் நீண்டிருந்தால் அது சிலந்திப்பேன். இது கண்ணுக்கே தெரியாது.

இலைப்பேனுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுச் சோப்புக் கரைசல் கலந்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று வாரம். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம், அதாவது தண்ணீரில் கலந்து அடிக்கும் கந்தகத் தூள், லிட்டருக்கு 2 கிராம். இரண்டையும் அடுத்தடுத்து அடித்தால் இலை கருகிவிடும், இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். கொழுந்து குட்டையாகி, மஞ்சள் பாரித்துச் சுருண்டுகிடந்தால் அது பெரும்பாலும் வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி. அதற்கு மருந்தே இல்லை. பாவம் பார்க்காமல் அந்தச் செடியைப் பிடுங்கி எரித்துவிடுங்கள்.

பறிக்கும்போது காம்போடு பறியுங்கள். இழுத்தால் கிளை கிழியும், கத்தரிக்கோல் நல்லது. பச்சையாகவே அடிக்கடி பறித்தால் செடி மறுபடி பூக்கும். வத்தலுக்கு முழுதாகச் சிவந்த பழம் வேண்டும். பாதி சிவந்ததை இரண்டு நாள் நிழலில் குவித்துவைத்தால் நிறம் ஒன்றுபடும். பிறகு பாயிலோ சுத்தமான சாக்கிலோ ஒற்றை அடுக்காகப் பரப்பி, நாளுக்கு இரண்டு மூன்று தடவை புரட்டிவிடுங்கள். சாயங்காலம் குவித்து மூடிவையுங்கள், பனி இறங்கினால் பூசணம் பிடித்து வத்தல் வெளுத்துவிடும். காம்பைக் காய்ந்த பிறகே கிள்ள வேண்டும். முன்பே கிள்ளினால் அந்த ஓட்டை வழியே பூசணம் நுழையும்.

காதருகே வைத்துக் குலுக்கினால் முண்டு வத்தலில் விதை கலகலவென்று ஒலிக்க வேண்டும். அந்தச் சத்தம் வரும்வரை டப்பாவில் அடைக்காதீர்கள். கை எரிந்தால் முதலில் நல்லெண்ணெய் தேய்த்து, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், எரிகிற காரம் தண்ணீரில் கரையாது.

வணக்கம்.