சிகரெட்டை நிறுத்த வேப் கைகொடுக்குமா?

(மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபத்தில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். செம்பனைக் காட்டில் வேலை முடித்துக் குளித்த கையோடு வந்திருக்கும் அண்ணன்மார்களுக்கும், பிள்ளைகளையும் அழைத்து வந்திருக்கும் அம்மாமார்களுக்கும் நன்றி.

புகைப்பழக்கத்தை நிறுத்தும் கிளினிக்கில் வேலை பார்ப்பதால், போகிற இடமெல்லாம் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், சிகரெட்டுக்குப் பதிலா வேப் எடுத்தா நல்லதா?" வேப் என்றால் பேட்டரியில் ஓடும் மின்சிகரெட். கேட்பவர் யார் என்று பார்த்துத்தான் நான் பதில் சொல்வேன். பல வருடம் புகைத்தவர் சிகரெட்டை அடியோடு விட்டுவிட்டு வேப்புக்கு மாறினால் அவர் உடம்புக்குக் கெடுதல் குறையும். சிகரெட்டையே தொடாத பிள்ளை வேப்பை எடுத்தால் கெடுதலைத் தவிர வேறொன்றும் இல்லை. மூன்றாவது ஒருவர் இருக்கிறார். வேலைக்காட்டில் சிகரெட், வீட்டில் வேப். நான் அதிகம் கவலைப்படுவது இவரைப் பற்றித்தான்.

சிகரெட்டில் நம்மைக் கட்டிப்போடுவது நிக்கோட்டின். ஆனால் ஆளைக் கொல்வது பெரும்பாலும் எரிகிற புகையிலையின் புகை. இழுக்கும்போது நுனியில் சூடு 900 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். அந்தப் புகையில் 7,000க்கும் அதிகமான இரசாயனங்கள் உண்டு. அவற்றில் 70 வரை புற்றுநோய் உண்டாக்குபவை. வேப்பில் எதுவும் எரிவதில்லை. பிரித்துப் பார்த்தால் ஒரு பேட்டரி, ஒரு கம்பிச் சுருள், திரவத்தில் ஊறிய கொஞ்சம் பஞ்சு, அவ்வளவுதான். கம்பி சூடானதும் திரவம் ஆவியாகிறது. தார் கிடையாது, புகையிலை எரியும்போது வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு கிட்டத்தட்ட கிடையாது.

அதற்காக அது வெறும் நீராவி என்று நம்பிவிடாதீர்கள். பஞ்சு காய்ந்து கம்பி அளவுக்கு மீறிச் சூடானால் ஃபார்மால்டிஹைடு என்ற புற்றுநோய் உண்டாக்கும் இரசாயனம் உருவாகிறது. கம்பியிலிருந்து நிக்கல் போன்ற உலோகத் துகள்களும் ஆவியோடு சேர்ந்து போகின்றன. மாம்பழ வாசனை, புதினா வாசனை எல்லாம் வயிற்றுக்குள் போகலாம். நுரையீரலுக்குள் போவது வேறு. இன்றைய வேப் சீனாவில் உருவானது 2003 வாக்கில்தான். நாற்பது வருடம் அதை ஊதியவர் உலகத்தில் இன்னும் யாரும் இல்லை. ஆகவே சிகரெட்டைவிடக் கெடுதல் குறைவு என்றுதான் நான் சொல்வேன். பாதுகாப்பானது என்று சொல்ல மாட்டேன்.

நிறுத்த உதவுமா என்பதற்கும் ஆதாரம் உண்டு. 2019இல் இங்கிலாந்தில் 886 புகைப்பவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு வேப், மீதிப் பேருக்குத் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச், நிக்கோட்டின் சூயிங்கம் போன்றவை. இரு தரப்புக்கும் வாராவாரம் ஆலோசனையும் உண்டு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது வேப் தரப்பில் 18 விழுக்காட்டினர் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். மற்றத் தரப்பில் 9.9 விழுக்காட்டினர். நல்ல வித்தியாசம்தான். ஆனால் வேப் வைத்து சிகரெட்டை நிறுத்தியவர்களில் பெரும்பாலோர், 80 விழுக்காட்டினர், வருடம் முடிந்தும் வேப்பை விடவில்லை. ஆலோசனையோடு நடந்த ஆய்வு அது. கடையில் வாங்கித் தானாக ஊதுகிறவருக்கு அதே பலன் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி அந்த மூன்றாமவர். கிளினிக்கில் ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறோம். மூச்சை இழுத்துப் பதினைந்து விநாடி அடக்கி, குழாயில் மெதுவாக ஊத வேண்டும். மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடின் அளவைக் காட்டிவிடும். "நான் இப்ப வேப் மட்டும்தான் சார்" என்று ஒருவர் உறுதியாகச் சொன்னார். ஊதச் சொன்னேன். எண் பத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. வேப் மட்டும் பிடித்தால் அப்படி ஏறாது. கொஞ்ச நேரம் தலையைக் குனிந்திருந்தவர், "காலையில டீயோட ஒன்னு, லாரி ஏறுறப்ப ஒன்னு" என்றார்.

ஒன்றிரண்டுதானே என்று தோன்றும். இதயம் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. தினம் ஒரே ஒரு சிகரெட் பிடித்தாலும், இருபது பிடிப்பவருக்குக் கூடுகிற மாரடைப்பு ஆபத்தில் ஏறக்குறைய பாதி வந்துவிடுகிறது என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றால் கரையேற முடியாது, அண்ணே.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். 2022 தேசிய சுகாதார ஆய்வின்படி, 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 14.9 விழுக்காட்டினர் வேப் பிடிக்கிறார்கள். 2017இல் அது 9.8. நிக்கோட்டின் திரவத்தை நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து 2023 மார்ச் மாதம் எடுத்தார்கள். 18 வயதுக்குக் கீழ் விற்கக் கூடாது என்ற சட்டம் 2024 அக்டோபர் 1ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. வயது பார்க்காமல் விற்க முடிந்த அந்த ஒன்றரை வருடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. படிவம் இரண்டு படிக்கும் 14 வயதுப் பிள்ளையின் பென்சில் பெட்டியில் ஹைலைட்டர் பேனா மாதிரி ஒன்று கிடந்தால், அம்மா, மூடியைத் திறந்து பாருங்கள். நண்பன் கொடுத்த திரவத்தில் என்ன கலந்திருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. போதைப்பொருள் கலந்த வேப் திரவத்தை நம் நாட்டுப் போலீஸ் பலமுறை பிடித்திருக்கிறது. அமெரிக்காவில் 2019இல் கஞ்சா எண்ணெயில் வைட்டமின் ஈ அசிடேட் கலந்து விற்ற திரவங்களால் பரவிய நுரையீரல் நோயில், 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்தார்கள். வீட்டில் யாராவது வேப் வைத்திருந்தால் திரவப் புட்டியைக் கைக்குழந்தைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். கொஞ்சம் விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து.

நிறுத்த நினைப்பவர்கள் முதலில் அரசாங்கக் கிளினிக்குக்கு வாருங்கள். பேட்ச், சூயிங்கம், ஆலோசனை எல்லாம் பல வருடம் சோதித்துப் பார்த்தவை. அவை பலிக்காமல் வேப்தான் வழி என்றால், ஒரு நாளைக் குறித்து அன்றே சிகரெட் பெட்டியைத் தூக்கி எறியுங்கள். பிறகு திரவத்தில் நிக்கோட்டின் அளவைப் படிப்படியாகக் குறைத்து, வேப்பையும் விடுவதற்கு ஒரு மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நான்கு நாள் எரிச்சல், கோபம், தூக்கமின்மை எல்லாம் வரும். வீட்டிலிருப்பவர்கள் அந்த நாட்களில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.

கிளினிக்குக்கு வரும்போது வேப்பையும் திரவப் புட்டியையும் கையோடு கொண்டு வாருங்கள், ஒளிக்க வேண்டாம். யாரும் திட்ட மாட்டோம். ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட், புட்டியில் நிக்கோட்டின் எவ்வளவு என்று தெரிந்தால்தான் எந்த அளவு பேட்சில் தொடங்குவது என்று முடிவு செய்ய முடியும்.