எந்த மழை? – இயற்கையை எழுதுவது பற்றி ஒரு கேள்வி

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று நாலு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. தேரூர் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "சுற்றுச்சூழலைப் பற்றிக் கவிதை எழுதுகிறேன். எழுதி முடித்து வாசித்தால் மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது. என்ன செய்வது?" கூடவே ஒரு கவிதையும் அனுப்பியிருக்கிறார். குப்பை கொட்டிய குளம், பறவை வராத குளம், கடைசியில் குளம் அழுகிறது.

மக்களே, உன் கவிதையில் குளம் இருக்கிறது. அது எந்த மாதத்துக் குளம் என்பதுதான் இல்லை.

தொடர்ந்து பார்ப்பவர்கள் திணை பற்றிப் பேசியபோதே இதைக் கேட்டிருப்பீர்கள். தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வது நிலத்தையும் பொழுதையும் சேர்த்துத்தான். நாம் நிலத்தை எழுதிவிட்டுப் பொழுதை விட்டுவிடுகிறோம்.

எனக்குப் பத்தொன்பது வயதில் மழையைப் பற்றி ஒரு கவிதை எழுதி ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். ஆச்சி நடவுக்குப் போனவர், எழுத்து தெரியாது. முழுக்கக் கேட்டுவிட்டு, "இது எந்த மழையாக்கும் மக்கா? எடவப்பாதியா, ஐப்பசி மழையா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை நாள் முழுக்க நின்று பெய்யும். ஐப்பசி மழை, அதாவது வடகிழக்குப் பருவமழை, மதியத்துக்கு மேல் இடியோடு வரும். ஒன்றை நம்பிக் கன்னிப்பூ நெல் சாகுபடி, மற்றதை நம்பிக் கும்பப்பூ நெல் சாகுபடி. ஆச்சிக்கு வெறும் 'மழை' என்று ஒன்று கிடையாது.

இப்போது உன் கவிதைக்கு வருகிறேன். 'பறவை வராத குளம்' என்கிறாய். ஆனி மாதம் போய்ப் பார்த்தால் வலசைப் பறவை இருக்காது, அது குளத்தின் குற்றம் இல்லை. மார்கழியில் போய் நின்று, அப்போதும் வரவில்லை என்றால் அந்த வரி நெஞ்சில் தைக்கும். சுசீந்திரம் தேரூர் நீர்நிலை 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளின் பட்டியலில், சேர்ந்தது. அதைக் கவிதையில் சொல்ல வேண்டாம். வடக்கே குளிர் தொடங்கும்போது புறப்பட்டு வருகிற வாத்துக்கு இந்தத் தண்ணீர் எந்த மாதம் தேவை என்று உனக்குத் தெரிந்திருந்தால் போதும்.

ஒக்கிப் புயலும் அப்படித்தான். 2017 நவம்பர் கடைசி. கடல் சீறியது என்று நிறையப் பேர் எழுதினார்கள். ஆழ்கடலுக்குப் போகிற படகுகள் அதற்குச் சில நாள் முன்பே கிளம்பிவிட்டிருந்தன. கரையில் காற்று மாறுவதைப் பார்த்தபடி நின்ற வீட்டுக்காரிக்கு அந்த நாள்கணக்குதான் உயிர்வலி. எழுதுகிறவர் அங்கே போய் நிற்க வேண்டும்.

நற்றிணை 172-ஐப் பார். சிறுமிகள் விளையாட்டாக வெள்ளை மணலில் ஒரு புன்னை விதையை அழுத்திவிட்டு மறந்துபோகிறார்கள். அது முளைக்கிறது. நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கிறார்கள். 'இது உங்களைவிடச் சிறந்தது, உங்கள் தங்கை' என்கிறாள் அம்மா. தலைவனோடு அந்த மர நிழலில் நின்று சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது என்கிறாள் தோழி. தங்கை பார்த்துக்கொண்டிருக்கிறாளே! எத்தனை வருஷம் அந்தச் சில வரிகளுக்குள் இருக்கிறது! மரத்தை வெட்டாதே என்று யாரும் சொல்லவில்லை. வாசித்தவன் புன்னையில் கத்தி வைப்பானா?

சரி, எப்படி எழுதுவது என்று கேட்டாய். ஒரு குளத்தங்கரையில் எவ்வளவு நாள் நிற்பது என்று கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். ஒரு வருஷம். ஒரே மடை, ஒரே படிக்கட்டு. மறுகால் பாய்கிற நாளும் போ, சேறு வெடிக்கிற நாளும் போ. தாமரை பறிக்க யார் இறங்குகிறார், குப்பை வண்டி எந்நேரம் வருகிறது, எல்லாம் தேதி போட்டு நோட்டில் எழுது. அப்புறம் குளம் அழ வேண்டிய தேவையே வராது என்று நினைக்கிறேன்.

கும்பப்பூ அறுத்த பிறகு இதே கவிதையைத் திரும்ப எழுதி அனுப்பு மக்களே. இங்கேயே வாசிக்கிறேன்.