கேட்டுவிட்டுத் தொடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பாலியல் வன்முறைக்கு ஆளான ஒருவர் வாய் திறந்ததும், "உடனே புகார் கொடு", "வெளியே சொல்லாதே", "குளித்துவிட்டுப் படு" என்று ஆளுக்கொரு கட்டளை வரும். சொல்கிறவர்களுக்கு நல்ல எண்ணம்தான். ஆனால் அவரிடமிருந்து பறிபோனதே தன் உடலைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை. உதவ வருகிறவரும் அதையே பறித்துவிடக் கூடாது.

சில முடிவுகளுக்கு மட்டும் கெடு உண்டு. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். குமட்டுகிறது என்று பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. மருத்துவரிடம் சொன்னால் குமட்டலுக்கும் மருந்து தருவார். அவசரக் கருத்தடைக்கு லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற மாத்திரை, 1.5 மில்லிகிராம், ஒரே வேளை. தாமதிக்கத் தாமதிக்க அதன் பலன் குறையும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி தொற்றுக்கான தடுப்பூசியையும் கேளுங்கள்.

உடுத்தியிருந்த துணிகளைத் துவைக்காமல், தனித்தனிக் காகிதப் பைகளில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துத் தடயம் கெட்டுவிடும். குளித்துவிட்டாலும், சில நாள் கடந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகலாம். பரிசோதனையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒப்புதல் கேட்க வேண்டும்; நடுவில் வேண்டாம் என்றால் நிறுத்த வேண்டும். கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை, அதைக் கைவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொல்லிவிட்டது. புகார் கொடுக்காமலே தடயத்தைச் சேமித்து வைக்கும் ஏற்பாடு சில நாடுகளில் இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள்.

அடுத்து வாக்குமூலம். "ஏன் கத்தவில்லை?" என்று கேட்பார்கள். பேரச்சத்தில் உடல் மரத்துப்போய், கையும் குரலும் வராமல் போகும். அது சம்மதம் அல்ல. தொடுதலுக்கு உடல் தானாகக் காட்டும் கிளர்ச்சியும் சம்மதம் அல்ல. இதை வெளியே சொல்ல முடியாமல் பல ஆண்டுகள் குற்ற உணர்வில் வெந்தவர்கள் உண்டு, ஆண்கள் உட்பட. நினைவும் துண்டு துண்டாகத்தான் வரும்: ஒரு வாசனை துல்லியமாக இருக்கும், எது முன், எது பின் என்பது கலங்கியிருக்கும். அந்த இடைவெளியை ஊகத்தால் நிரப்பினால் குறுக்கு விசாரணையில் அதுவே முரண்பாடாகும். "நினைவில்லை" என்பது முழுமையான பதில். நினைவு வருவதை வருகிற வரிசையிலேயே, எழுதிய தேதி போட்டு எழுதி வையுங்கள். கைப்பேசிச் செய்திகள் கண்ணில் படவே கூடாது என்று தோன்றும், இருந்தாலும் அழிக்காதீர்கள்.

சொல்பவர் குழந்தையென்றால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது.

மனக்காயத்துக்கு வருவோம். எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டச் சொல்வது சிகிச்சை அல்ல. பாதுகாப்பான இருப்பிடமும் தூக்கமும் முதலில். பிறகு பயிற்சி பெற்ற ஆலோசகரோடு, பெரும்பாலும் வாரம் ஒரு அமர்வு. சில சிகிச்சை முறைகள் 12 அமர்வுகளை ஒட்டி அமைந்தவை. நடுவில் சில வாரம் கெட்ட கனவு அதிகமாகலாம். அந்த நேரத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விடுவதற்கு முன் ஆலோசகரிடம் சொன்னால் வேகத்தைக் குறைக்கலாம்.

காதல், மணவாழ்வு பற்றி யாரும் பேசுவதில்லை. துணைவர் அக்கறையில் இரண்டு தவறு செய்வார். ஒன்று, நடந்ததைத் துருவித் துருவிக் கேட்பது. மற்றது, பயந்துபோய்த் தொடுவதையே நிறுத்திவிடுவது. அதைப் பாதிக்கப்பட்டவர் தன் மீதான அருவருப்பு என்று எடுத்துக்கொள்வார். இருவரும் பகலில், உடை உடுத்தியிருக்கும்போதே பேசி, நிறுத்துவதற்கு ஒரு சொல்லை முடிவுசெய்யுங்கள். விளக்கு எரியட்டும். கை கோத்தலோடு முடிகிற மாலைகளும் இருக்கட்டும். எல்லாத் தொடுதலும் உடலுறவில்தான் முடியும் என்றால் கை கோக்கவே பயம் வரும். சொல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும், முகம் தூக்காமல்.

பழைய நினைவு திடீரென்று பிடித்துக்கொண்டால், கட்டி அணைக்காதீர்கள். அணைப்பே அகப்பட்டது போலிருக்கும். சற்றுத் தள்ளி உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இன்று என்ன கிழமை, இது எந்த இடம் என்று மெதுவாகச் சொல்லுங்கள். பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்லுங்கள். மூச்சு சீரான பிறகு, பக்கத்தில் வரலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அங்கேயே இருங்கள்.